பூச்சு எந்தத் தகட்டின் மேல்?

ஓசூர் சிப்காட்டைச் சுற்றியுள்ள தகட்டுப் பட்டறைகளிலும், கிருஷ்ணகிரி நெடுஞ்சாலையோரம் லாரிகளுக்குப் பாடி கட்டும் கொட்டகைகளிலும், எம்.எஸ். (மைல்டு ஸ்டீல் எனும் சாதாரண இரும்பு) சட்டத்தின் மேல் அலுமினியத் தகட்டை வைத்து ரிவெட் அடிப்பது அன்றாட வேலை. ரிவெட்டின் தடிமனுக்கும் இடைவெளிக்கும் காட்டும் அக்கறையைப் பூச்சுக்கும் காட்ட வேண்டும் என்பதே என் வாதம். இரு வேறு உலோகங்கள் சேரும் இடத்தில், பூச்சும் இணைப்பைத் தாங்கும் ஓர் உறுப்புதான்.

ஈரம் பட்டதும் அலுமினியமும் இரும்பும் சேர்ந்து ஒரு மின்கலம் ஆகிவிடுகின்றன. அதில் அரிபடுவது அலுமினியம். ராயக்கோட்டையிலிருந்து தக்காளி ஏற்றிச் செல்லும் வண்டியில் கசியும் புளித்த சாறும், கழுவி விடும் தண்ணீரும் தகடுகளின் இடுக்கில் புகுந்தால் எளிதில் காய்வதில்லை. சில காலத்தில் ரிவெட் தலையைச் சுற்றி வெண்பொடி பூக்கும். அந்தப் பொடி, அரிந்துபோன உலோகத்தைவிட அதிக இடத்தை அடைப்பதால், தகடுகளை உள்ளிருந்தே பிரித்து ரிவெட்டை இழுக்கத் தொடங்கும்.

அரிபடுவது அலுமினியம் என்றால் அதற்குத்தானே பெயின்ட் அடிக்க வேண்டும் என்று தோன்றும். அது ஆபத்தான முடிவு. அலுமினியத்துக்கு மட்டும் பூசி, இரும்பை வெறுமையாக விட்டால், பூச்சில் விழும் ஒரு சிறு கீறலின் மேல் அந்த இரும்புப் பரப்பு முழுவதன் தாக்கமும் குவிந்து, அங்கே குழி விழுந்து தகடு ஓட்டையாகும். இரண்டுக்கும் பூசுவதே நல்லது. ஒன்றுக்குத்தான் முடியும் என்றால் இரும்புக்குப் பூசுங்கள். பெரிய அலுமினியத் தகட்டில் ஸ்டெயின்லெஸ் ரிவெட் ஓரளவு தாக்குப்பிடிப்பதும், பூச்சில்லாத இரும்புத் தகட்டில் அலுமினிய ரிவெட் விரைவில் கெடுவதும் இதே பரப்பளவுக் கணக்கினால்தான்.

நியூயார்க்கில் 1886-இல் திறக்கப்பட்ட சுதந்திர தேவி சிலையில், செப்புத் தகட்டுக்கும் இரும்புச் சட்டத்துக்கும் இடையே அரக்குக் கரைசலில் தோய்த்த கல்நாரை (ஆஸ்பெஸ்டாஸ்) வைத்திருந்தார்கள். அந்தத் தடுப்பு நைந்து நீரைப் பிடித்து வைத்துக்கொள்ள, செப்போடு சேர்ந்தால் அரிபடுவது இரும்பு என்பதால், இங்கே இரும்பு துருப்பிடித்து உப்பிச் செப்பு ரிவெட்டுகளைப் பிடுங்கியது. 1986-இல் முடிந்த சீரமைப்பில் ஸ்டெயின்லெஸ் பட்டைகளையும் டெஃப்ளான் தடுப்பையும் பொருத்தினார்கள்.

துத்தநாகம் பூசிய கால்வனைஸ் தகடு அலுமினியத்தோடு ஓரளவு ஒத்துப்போகும். ஆனால் அதன் பூச்சின் அளவைச் சொல்லும் குறியீடு இசட்275 என்றால் இரு பக்கமும் சேர்த்துச் சதுர மீட்டருக்கு 275 கிராம், அதாவது பக்கத்துக்குச் சுமார் 20 மைக்ரான். அது கரைந்து தீரும்வரைதான் காவல்.

பூச்சின் தடிமன் கூடினால் பலம் கூடும் என்பதும் சரியல்ல. 60 முதல் 80 மைக்ரான் பவுடர் கோட்டிங் (தூளாகத் தூவிச் சுட்டு ஒட்டவைக்கும் பூச்சு), ரிவெட் தலையின் அழுத்தத்தில் மெல்ல நசுங்கி விலகும், பிடி தளரும், தளர்ந்த தகடுகள் வண்டியின் அதிர்வில் உரசி, மிச்சப் பூச்சையும் தேய்த்துவிடும். ரிவெட் தலைக்குக் கீழே மெல்லிய, கெட்டியான பூச்சே வேண்டும்.

வேலையின் வரிசையும் முக்கியம். பூசிய பிறகு துளையிட்டால் துளையின் விளிம்பு வெறும் இரும்பாகவே நிற்கும். முதலில் துளையிட்டு, பிசிறு நீக்கி, பிரைமர் பூசி, இடுக்கை அடைக்கும் சீலன்ட் தடவி, அது காய்வதற்குள் ரிவெட் அடிக்க வேண்டும். நடுக்கம்பியை இழுத்து முறித்துப் பொருத்தும் அலுமினிய பாப் ரிவெட் வாங்கும்போது நடுக்கம்பி இரும்பா என்று காந்தம் வைத்துப் பாருங்கள். இழுத்து முறித்த பிறகும் அதன் துண்டு உள்ளேயே தங்கித் துருப்பிடிக்கும்.