அடுத்த நாட்டுத் தேர்தலில் உதவ வேண்டுமா? முதலில் பர்ஸை மூடுங்கள்

இன்னொரு நாட்டில் ஒரு வேட்பாளரையோ கட்சியையோ மனதுக்குப் பிடித்துப்போனால், வெளியில் இருப்பவருக்கு முதலில் தோன்றுவது பணம் அனுப்பலாம் என்பதுதான். கையில் கார்டு இருக்கிறது, பிரச்சாரத் தளத்தில் பெரிதாக ஒரு பொத்தான் இருக்கிறது, இரண்டு நிமிட வேலை. பல நாடுகளில் சட்டம் முதலில் அடைத்து வைத்திருக்கும் வாசலும் அதுதான்.

அமெரிக்காவை எடுத்துக்கொள்வோம். குடியுரிமையோ கிரீன் கார்டோ இல்லாதவர் அங்கே அதிபர் தேர்தலுக்கும் கொடுக்க முடியாது, நகரசபைத் தேர்தலுக்கும் கொடுக்க முடியாது. வேலை விசாவில் அங்கேயே குடியிருந்து வரி கட்டுபவருக்கும் இதே விதிதான். பராக் ஒபாமாவுக்கு ஆதரவாகத் தன் கைக்காசில் துண்டுப் பிரசுரம் அச்சடித்து நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் கொடுக்க வேண்டும் என்று, அங்கே வேலை பார்த்த கனடா நாட்டு வழக்கறிஞர் ஒருவர் நீதிமன்றம் போனார். 2012 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கீழ்நீதிமன்றத் தீர்ப்பை அப்படியே உறுதி செய்தது, தடை நின்றது. நன்கொடை மட்டுமல்ல, தேர்தலுக்காகத் தானாகச் செய்யும் செலவும் அதில் அடக்கம்.

பலரும் கவனிக்காமல் மாட்டிக்கொள்வது டி-ஷர்ட்டில். பிரச்சாரக் கடையில் தொப்பியோ கோப்பையோ டி-ஷர்ட்டோ வாங்கினால், அமெரிக்கச் சட்டப்படி அதன் முழு விலையும் நன்கொடை. லாபம் மட்டுமல்ல, முழு விலையும். நிதி திரட்டும் விருந்துக்கான டிக்கெட்டும் அப்படியே. பணம் கட்டும் பக்கத்தில் 'நான் குடிமகன் அல்லது நிரந்தரமாகக் குடியிருக்க அனுமதி பெற்றவர்' என்ற சிறு கட்டம் இருக்கும். அதைப் பொய்யாக டிக் செய்வது கடையை ஏமாற்றுவது இல்லை, சட்டத்தை ஏமாற்றுவது. அங்கே இருக்கும் மச்சானிடம் பணத்தைக் கொடுத்து அவர் பெயரில் போடச் சொல்லலாமே என்று யோசிப்பவர்களுக்கு: இன்னொருவர் பெயரில் நன்கொடை கொடுப்பது தனியாகவே ஒரு குற்றம். மச்சானையும் சேர்த்து இழுத்து விடுவீர்கள்.

மற்ற நாடுகளில் கோடு வேறு இடத்தில் விழும். கனடாவில் குடிமக்களும் நிரந்தரமாகக் குடியிருக்க அனுமதி பெற்றவர்களும் மட்டுமே கொடுக்கலாம். பிரிட்டனில் கட்சிக்கு 500 பவுண்டுக்கு மேல் கொடுக்கும் தனிநபர் அந்நாட்டு வாக்காளர் பட்டியலில் இருக்க வேண்டும். தகுதியில்லாதவர் பணம் வந்தால் கட்சி அதை 30 நாளுக்குள் திருப்பியாக வேண்டும். இந்தியாவில் 2010ஆம் ஆண்டின் வெளிநாட்டுப் பங்களிப்புச் சட்டப்படி கட்சியும் வேட்பாளரும் வெளிநாட்டாரிடம் வாங்க முடியாது. இந்தியப் பாஸ்போர்ட்டோடு வெளியில் வாழ்பவர் வெளிநாட்டார் இல்லை. வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்ட இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் ஓசிஐ அட்டை வைத்திருப்பவர் வெளிநாட்டார். எந்த ஊரில் இருக்கிறீர்கள் என்பதைவிட எந்தப் பாஸ்போர்ட் என்பதுதான் பல இடங்களில் கேள்வி. பணம் என்றால் அந்நாட்டுத் தேர்தல் ஆணையத்தின் தளத்தில் 'யார் நன்கொடை தரலாம்' என்ற பக்கத்தைப் படித்த பிறகே அடுத்த அடி.

பணம் கூடாது, நேரம் கொடுக்கலாமா? அமெரிக்காவில் கொடுக்கலாம், சம்பளம் வாங்காத வரை. இதில் இரண்டு வழக்குகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நல்லது. 2008இல் பிரிட்டிஷ் பாடகர் எல்டன் ஜான், ஹிலாரி கிளின்டனுக்கு நிதி திரட்ட நியூயார்க்கில் கச்சேரி செய்தார். புகார் போனது. அவர் ஊதியம் வாங்காமல் தன் உழைப்பைத்தான் கொடுத்தார் என்பதால் தேர்தல் ஆணையம் அதில் மீறல் இல்லை என்றது. 2016இல் ஆஸ்திரேலியத் தொழிற்கட்சி சில இளைஞர்களை பெர்னி சாண்டர்ஸ் பிரச்சாரத்துக்கு அனுப்பியது. அவர்கள் செய்தது வீடு வீடாகப் போவது போன்ற சாதாரண வேலைகள்தான். ஆனால் விமான டிக்கெட்டும் தினப்படியும் அவர்கள் கட்சி கொடுத்தது, சுமார் 24,000 டாலர். வெளிநாட்டுக் கட்சி சம்பளம் போட்டு ஆள் அனுப்பினால் அது பொருளாகத் தந்த நன்கொடை என்று ஆணையம் கணக்கிட்டது. 2018இல் சாண்டர்ஸ் பிரச்சாரக் குழு 14,500 டாலர் அபராதம் கட்டியது. பிழைத்தது லட்சக்கணக்கில் டாலர் திரட்டிய கச்சேரி; மாட்டியது கதவு தட்டிய பையன்கள்.

எனவே பயணத்துக்கு முன் கேட்க வேண்டியது, டிக்கெட் யார் பணம், தங்குமிடம் யார் பணம், நீங்கள் இல்லாத நாட்களுக்குச் சம்பளம் யார் போடுகிறார்கள் என்பதுதான். உங்களுக்குச் சேர வேண்டிய ஆண்டு விடுப்பில் போவது வேறு. 'போய்ட்டு வா, சம்பளம் வரும்' என்று அலுவலகம் அனுப்பி வைப்பது வேறு. 2024இல் பிரிட்டிஷ் தொழிற்கட்சி ஊழியர்கள் கமலா ஹாரிஸுக்காக வேலை செய்யக் கிளம்பியபோது, தங்குமிடத்தைப் பார்த்துக்கொள்கிறோம் என்று ஒருவர் லிங்க்ட்இன்னில் எழுதிய பதிவைப் பிடித்துக்கொண்டு டிரம்ப் தரப்பு ஆணையத்தில் புகார் கொடுத்தது. வெறும் வாயை மெல்லுபவருக்கு அவல் கொடுத்த கதை.

அமெரிக்காவில் இன்னொரு எல்லை, முடிவெடுப்பது. வெளிநாட்டார் தொலைபேசியில் பேசலாம், உறை ஒட்டலாம். எந்த விளம்பரத்துக்கு எவ்வளவு, எந்தத் தொகுதிக்கு ஆள் என்று பிரச்சாரத்தின் செலவு முடிவுகளில் கலந்துகொள்ளக் கூடாது. திறமையான ஆள் என்றால் குழுவே உங்களை உள்ளே இழுக்கும். பட்ஜெட் பேசும் வாட்ஸ்அப் குழுவில் சேர்த்தால் வெளியே வந்துவிடுங்கள். ஏன் வந்தீர்கள் என்பதையும் ஒரு வரி எழுதிவிட்டு.

சரி, எதைச் செய்வது? எங்கள் கணக்கில் முதலிடம், உங்கள் ஊரிலேயே வாழும் அந்நாட்டு வாக்காளர்களுக்கு. வெளிநாட்டிலிருந்து வாக்களிக்கும் உரிமை பல நாடுகளில் இருக்கிறது. ஆனால் படிவம், தேதி, தபால் என்று பாதிப் பேர் வழியிலேயே உதிர்ந்துவிடுவார்கள். பல்கலைக்கழகம், சர்வதேசப் பள்ளி, வழிபாட்டுத் தலம், அந்நாட்டு விளையாட்டை ஒளிபரப்பும் மதுக்கூடம் என்று அவர்கள் கூடும் இடங்கள் உள்ளூர்க்காரரான உங்களுக்குத்தான் தெரியும். இடம் பார்த்துச் சொல்வதும், மேசை போட அனுமதி வாங்குவதும், பிரிண்டரோடு உட்காருவதும் உங்கள் வேலை. யாருக்கு ஓட்டு என்று பேசுவதை அந்நாட்டுக் குடிமக்களான தொண்டர்களிடம் விட்டுவிடுங்கள்.

படிவத்தில் எங்கே தவறுகிறது என்று தெரிந்திருந்தால் அந்த மேசைக்கே மதிப்பு கூடும். அமெரிக்கரிடம் கேட்பது, நாட்டை விட்டுக் கிளம்பும்முன் கடைசியாக அங்கே குடியிருந்த முகவரி. வீட்டை விற்றிருந்தாலும், அந்தக் கட்டடமே இடிந்து போயிருந்தாலும் அதைத்தான் எழுத வேண்டும். 'இப்போது எனக்கு அங்கே முகவரி இல்லையே' என்று அந்த இடத்தைக் காலியாக விடுபவர்கள் அதிகம். 'ஃபெடரல் போஸ்ட் கார்டு அப்ளிகேஷன்' என்ற அந்த வாக்குச்சீட்டு விண்ணப்பத்தை ஒவ்வோர் ஆண்டும் புதிதாக அனுப்புவது பாதுகாப்பு. போன தேர்தலில் போட்டோமே என்று இருந்துவிடக் கூடாது. கூட்டாட்சித் தேர்தல்களில் வாக்குச்சீட்டு 45 நாள் முன்னதாக அனுப்பப்பட வேண்டும். அது வரவில்லை என்றால் கையாலேயே பெயர் எழுதி அனுப்பும் மாற்றுச் சீட்டு ஒன்று இருக்கிறது. அதில் இரண்டு பிரதி மேசையில் எப்போதும் இருக்கட்டும். திருப்பி அனுப்பும் முறை மாநிலத்துக்கு மாநிலம் வேறு: சிலவற்றில் மின்னஞ்சல் செல்லும், சிலவற்றில் தபால் மட்டும். கையெழுத்து விடுபடுவதாலும், பழைய கையெழுத்தோடு பொருந்தாமல் போவதாலும் வாக்கு செல்லாமல் போவது வழக்கம்.

பிரிட்டிஷ் வாக்காளர்களுக்குச் சொல்ல வேண்டியது நேர் எதிர்: தபாலை நம்பாதீர்கள். வெளிநாட்டில் 15 ஆண்டுக்கு மேல் வாழ்ந்தால் வாக்கு இல்லை என்ற வரம்பு 2024 ஜனவரியில் எடுக்கப்பட்டுவிட்டது. நிறையப் பேருக்கு இன்னும் தெரியாது. பதிவு செய்ய வாக்களிப்புக்கு 12 வேலை நாள் முன்பு வரை நேரம், தபால் வாக்குக் கேட்க 11 வேலை நாள், தனக்குப் பதில் வாக்களிக்க இன்னொருவரை, அதாவது பதிலாளை, நியமிக்க 6 வேலை நாள். கடைசி நேரத்தில் கேட்ட தபால் சீட்டு கடல் கடந்து வந்து திரும்பிப் போய்ச் சேர்வதற்குள் எண்ணிக்கையே முடிந்துவிடும். அங்கேயே இருக்கும் நம்பகமான ஒருவரைப் பதிலாளாகப் போடுவதுதான் புத்திசாலித்தனம். வாக்குச்சாவடியில் அந்தப் பதிலாள் தன் புகைப்பட அடையாள அட்டையைக் காட்ட வேண்டும் என்பதையும் சொல்லி வையுங்கள்.

அடுத்தது மொழி. குடியேறியவர்கள் நிறைந்த தொகுதிகளில் பிரச்சாரக் குழுவுக்கு எப்போதும் குறைவது நல்ல மொழிபெயர்ப்பாளர். இயந்திரம் ஒரு நொடியில் மொழிபெயர்க்கும் காலத்தில் இது எதற்கு என்பார்கள். இயந்திரம் மரியாதைப் பன்மையை விட்டுவிட்டு வாக்காளரை ஒருமையில் அழைத்து வைக்கும். துண்டுப் பிரசுரத்தை மொழிபெயர்க்கும்போது வாக்களிப்புத் தேதி, நேரம், சாவடிக்குக் கொண்டு போக வேண்டிய ஆவணம் ஆகிய மூன்றையும் மூலத்தோடு விரல் வைத்து ஒப்பிடுங்கள். தேதி தவறாகப் போன பிரசுரம் வாக்காளரைத் திசைதிருப்பும் சதி என்று செய்தியாகும், மொழிபெயர்ப்புப் பிழை என்று யாரும் நம்ப மாட்டார்கள். அடியில் பொடி எழுத்தில் அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயர் இருக்கும்; பிரிட்டனிலும் இந்தியாவிலும் அது சட்டக் கட்டாயம். அழகாக இல்லை என்று வடிவமைப்பாளர் அதை வெட்டிவிடுவார், விடாதீர்கள். காணொளிக்கு வசன வரி போடுவதென்றால் ஒரு நேரத்தில் இரண்டு வரி, வரிக்கு நாற்பது எழுத்துக்குள். முடித்த கோப்பை அந்தத் தொகுதியிலேயே வாழும் ஒருவர் படித்த பிறகே வெளியே விடச் சொல்லுங்கள். உங்கள் பேச்சு வழக்கும் அவர்கள் பேச்சு வழக்கும் ஒன்றாக இருக்காது.

கணினி வேலை, வடிவமைப்பு, தரவுச் சரிபார்ப்பு எல்லாமே இதே வகை. உழைப்பு உங்களுடையதாக இருக்கட்டும், விலை கொடுத்து வாங்கும் எதுவும் அவர்களுடையதாக இருக்கட்டும். சர்வர் வாடகை, எழுத்துரு உரிமம், படங்களின் உரிமம், பெருமளவு குறுஞ்செய்தி அனுப்பும் சேவை என எதையும் உங்கள் கார்டில் வாங்கி 'பரவாயில்லை, விடுங்க' என்று சொல்லாதீர்கள். அந்தப் பரவாயில்லைதான் நன்கொடை. குழுவின் பெயரில் கணக்கு திறக்கச் சொல்லுங்கள். வாக்காளர் பட்டியலைத் தனிக் கணினியில் இறக்கி வைத்துக்கொள்ளவும் கூடாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுச் சட்டத்தில் ஒருவரின் அரசியல் கருத்து சிறப்புப் பாதுகாப்புள்ள தகவல். அது எல்லை தாண்டிப் போவதற்கு என்றே தனி விதிகள் உண்டு.

வாக்காளரிடம் நேரே பேசும் ஆசைக்கு வருவோம். 2004இல் பிரிட்டனின் கார்டியன் நாளிதழ், அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் கிளார்க் கவுன்டி என்ற மாவட்டத்தின் வாக்காளர் முகவரிகளை வாங்கி, உலகெங்கும் உள்ள வாசகர்களை அவர்களுக்குக் கடிதம் எழுதச் சொன்னது. அதிபர் புஷ்ஷை எதிர்த்துக் கடிதங்கள் பறந்தன. 'எங்கள் தேர்தலில் உனக்கென்ன வேலை' என்று பதில்களும் பறந்தன. 2000இல் புஷ்ஷை எதிர்த்து நின்ற அல் கோர் மயிரிழையில் வென்றிருந்த அந்த கவுன்டியை 2004இல் புஷ் வென்றார். கடிதங்களால்தான் என்று சொல்ல முடியாது. ஆனால் எதிரணிக்குக் கிடைத்த இலவச விளம்பரம் அது என்பதில் எங்களுக்குச் சந்தேகமில்லை. அன்னியர் ஒருவர் உபதேசம் செய்தால் நடுநிலையில் இருப்பவரும் எதிர்ப்பக்கம் நகர்வார். சமூக ஊடகத்திலும் இதுவேதான், கூடவே சட்டமும் வரும்: 2025 சிங்கப்பூர்த் தேர்தலின்போது வெளிநாட்டார் சிலரின் ஃபேஸ்புக் பதிவுகளை அந்நாட்டில் தெரியாமல் மறைக்கும்படி ஃபேஸ்புக்கை நடத்தும் மெட்டா நிறுவனத்துக்கு உத்தரவு போனது. காசு கொடுத்து விளம்பரம் ஓட்டுவது பற்றி யோசிக்கவே வேண்டாம். 2018இல் அயர்லாந்தின் கருக்கலைப்பு வாக்கெடுப்புக்கு முன்பு ஃபேஸ்புக் வெளிநாட்டு விளம்பரங்களை நிறுத்தியது. கூகுள் அந்த வாக்கெடுப்பு பற்றிய எல்லா விளம்பரத்தையுமே நிறுத்தியது.

நேரில் போவதானால் விசா. சுற்றுலாவுக்கு வந்தவர் மேடையேறினால் என்ன ஆகும் என்பது விசாவின் நிபந்தனையில் இருக்கிறது, கட்சிக்காரர் தரும் வாக்குறுதியில் இல்லை. 2019இல் மேற்கு வங்கத்தில் திரிணமூல் காங்கிரஸுக்காகப் பிரச்சாரம் செய்த வங்கதேச நடிகர் ஃபெர்தௌஸ் அகமதின் விசாவை இந்திய அரசு ரத்து செய்து, நாட்டை விட்டுக் கிளம்பச் சொல்லி, கறுப்புப் பட்டியலிலும் சேர்த்தது. அழைத்த கட்சிக்கு ஒரு நாள் சங்கடம். அவருக்குத்தான் கதவு அடைந்தது.

உங்கள் சொந்த நாட்டுச் சட்டத்தையும் மறக்கக் கூடாது. அமெரிக்காவில் இருந்துகொண்டு ஒரு வெளிநாட்டுக் கட்சியின் வேண்டுகோளின்பேரில் அங்கே அரசியல் வேலை செய்தால், 1938ஆம் ஆண்டின் வெளிநாட்டு முகவர் பதிவுச் சட்டம் குறுக்கே வரும். முகவராக ஒப்புக்கொண்ட 10 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். பாரதிய ஜனதா கட்சியின் வெளிநாட்டு நண்பர்கள் அமைப்பு 2020இல் அங்கே அப்படித்தான் பதிவு செய்துகொண்டது. கட்சி சொல்லிச் செய்கிறீர்களா, நீங்களாகச் செய்கிறீர்களா என்பதில்தான் வித்தியாசம். ஆகவே யார் கேட்டார்கள், என்ன கேட்டார்கள் என்பது எழுத்தில் இருக்கட்டும்.

குழுவுக்கு எழுதும் முதல் மின்னஞ்சலை நான்கு வரியில் முடித்துவிடுங்கள்: எந்த நாட்டுக் குடியுரிமை, எந்த நேர மண்டலம், வாரத்துக்கு எத்தனை மணி நேரம், என்ன வேலை தெரியும். குடியுரிமையை முதல் வரியிலேயே போடுங்கள். அதைப் பார்த்துத்தான் அவர்களுடைய சட்ட ஆலோசகர் பதில் சொல்வார். பதில் வராவிட்டால் தலைமையகத்தை விட்டுவிட்டு, அக்கட்சியின் வெளிநாட்டுக் கிளைக்கு எழுதுங்கள். ஆள் தேவை அங்கேதான் அதிகம். வாக்களிப்பு முடிந்த வாரமே தரவுக் கோப்புகளை அழித்து, கணக்குகளின் நிர்வாக உரிமையைக் குழுவிடம் ஒப்படைத்து, உங்கள் பயண ரசீதுகளை மட்டும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். புகார் சில ஆண்டு கழித்தும் வரும். டிக்கெட் உங்கள் காசு என்று காட்ட அந்த ரசீதுதான் இருக்கும்.