ஏழே முக்காலுக்குப் பல் தேய்ப்பு

ஜூன் 3
அப்பாவுக்கு எழுந்தவுடன் பல் தேய்த்தாக வேண்டும், காப்பியெல்லாம் அப்புறம்தான். ஆனால் அவருக்குப் பார்க்கின்சன், கை நடுங்கி உடல் விறைக்கும் நரம்பு நோய்; விடியற்காலை கை விறைத்துக் கிடக்கும். ராத்திரி போட்ட லெவோடோபா என்ற பார்க்கின்சன் மாத்திரையின் வேகம் அதற்குள் அடங்கிவிடும். பிரஷ் முன்பல்லிலேயே நடுங்கிக்கொண்டு நிற்கிறது, கடைவாய்க்குப் போவதில்லை. இன்றிலிருந்து ஏழு மணிக்கு மாத்திரை, ஏழே முக்காலுக்குப் பல் தேய்ப்பு. கை இளகியிருந்தது, அவராகவே தேய்த்து முடித்தார்.

ஜூன் 6
பிரஷ் காம்பு கையில் நிற்கவில்லை. சைக்கிள் ஹேண்டில்பாருக்குப் போடும் ரப்பர் பிடியை அதில் மாட்டிவிட்டேன். நாற்காலியில் உட்கார்ந்து, முழங்கையை மேஜையில் ஊன்றிக்கொள்கிறார்.

ஜூன் 10
அப்பாவுக்கு வாய் வறள்கிறது என்றதும், "எச்சில்தான் வழியுதே, வாய் எப்படி வறளும்?" என்று அத்தை கேட்டார். எச்சில் கூடுதலாக ஊறுவதில்லை. முன்போல அடிக்கடி விழுங்காததால் வழிகிறது. நடுக்கத்துக்கான ட்ரைஹெக்ஸிஃபெனிடில் மாத்திரையோ வாயை வறளவைக்கும். வறண்ட வாயில் சொத்தை சீக்கிரம் விழும். அதற்காக இனிப்பு மிட்டாயைச் சப்பிக்கொண்டிருப்பது இன்னும் கெடுதல். அடிக்கடி ஒரு வாய் தண்ணீர் கொடுக்கிறோம். ஃப்ளூரைடு பேஸ்டால் தேய்த்தபின் துப்பினால் போதும், கொப்பளிப்பதை நிறுத்தியாயிற்று.

ஜூன் 17
பல் டாக்டரிடம் போனோம். ஒன்பது மணிக்கு மாத்திரை, பத்து மணிக்கு நாற்காலி. அந்த நேரத்தைக் கேட்டே வாங்கினேன். பல்லுக்கும் நரம்புக்கும் என்ன சம்பந்தம் என்று மாத்திரைகளைச் சொல்லாமல் விடுகிறவர்கள் நிறைய. தயவுசெய்து சொல்லிவிடுங்கள். அப்பா ரசாஜிலின் என்ற பார்க்கின்சன் மாத்திரையும் எடுக்கிறார். மரத்துப்போக வைக்கும் ஊசியில் பெரும்பாலும் அட்ரினலின் கலந்திருக்கும். இரண்டும் சேரும்போது கவனம் தேவை. சீட்டைப் பார்த்ததும் டாக்டர் நரம்பியல் மருத்துவருக்குப் போன் செய்து பேசிவிட்டுத்தான் ஊசி போட்டார். தண்ணீர் தொண்டைக்குள் இறங்காமலிருக்க நாற்காலியைப் பாதிதான் சாய்த்தார். முடிந்ததும் அப்பாவைச் சட்டென்று எழுப்பவில்லை. இந்த நோயில் எழுந்தவுடன் ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றலாம்.

ஜூன் 24
இரவில் ரொம்பக் களைத்துவிடுகிறார். முதலில் வேண்டாம் என்றவர், இப்போது அம்மா தேய்த்துவிடச் சம்மதிக்கிறார். கீழ் பல்செட்டைக் கழற்றிக் கழுவித் தண்ணீரில் போடுகிறோம். எனக்குப் பெரிய பயம் நிமோனியாதான். விழுங்குவது தடுமாறும்போது வாயில் இருக்கும் கிருமி எச்சிலோடு நுரையீரலுக்குள் போய்விடும்; சுத்தமான வாய் அந்த ஆபத்தைக் குறைக்கும். மவுத்வாஷ் புரையேறுகிறது என்பதால் டாக்டரைக் கேட்டு, பிரஷை அதில் நனைத்துத் தடவுகிறோம். சாப்பிடும்போதும் இருமுகிறார். விழுங்குவதைப் பரிசோதிக்கப் பேச்சுப் பயிற்சியாளரிடம் அடுத்த வாரம் நேரம் வாங்கியிருக்கிறேன், அதுவும் காலை பத்து மணிக்கு.