உழைப்பவர் கையில் சேரும் கூலி

வலுவிழந்த பிள்ளைகளுக்கான விசேட கல்வி அலகில் படித்த பிள்ளை பதினெட்டு, இருபது வயதை எட்டியதும் பாடசாலைக் காலம் முடிந்துவிடுகிறது. அதற்குப் பின்னர் எங்கே போவது என்ற கேள்விக்கு மட்டக்களப்பின் பல கிராமங்களில் இன்றும் விடை இல்லை. சிறுவர்களுக்கான திட்டம் என்றால் உதவுவதற்கு முன்வருவோர் ஓரளவு இருக்கிறார்கள். மீசை நரைக்கத் தொடங்கிவிட்ட ஒருவர் நாள் முழுவதும் வீட்டு விறாந்தையில் இருப்பதைப் பற்றிக் கேட்பவர்கள் மிகக் குறைவு. அந்த வயதினரும், போரில் கை கால்களை இழந்த சிலரும் சேர்ந்து உழைக்கின்ற சமூகப் பண்ணை ஒன்றை மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் நாங்கள் நடத்தி வருகிறோம். அதன் இணைப்பாளர் என்ற முறையில் நான் விட்டுக்கொடுக்க விரும்பாத ஒன்று உண்டு: இங்கே வேலை செய்பவருக்கு வேலைக்குரிய கூலி கிடைக்க வேண்டும், அது அவருடைய கையிலேயே சேர வேண்டும்.

இதில் விவாதிக்க என்ன இருக்கிறது என்று தோன்றலாம். ஆனால், நல்ல மனம் படைத்தவர்களே என்னிடம், "தம்பி, மத்தியானச் சாப்பாடும் குடுத்து, பொழுதும் நல்லாப் போகுதுதானே, காசும் வேணுமா?" என்று கேட்டிருக்கிறார்கள். இலங்கையில் வலுவிழந்தோரின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் வேலைவாய்ப்பில் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கிறது. அரச வேலை வெற்றிடங்களில் மூன்று சதவீதத்தை ஒதுக்குமாறு 1988ஆம் ஆண்டிலேயே சுற்றறிக்கை வெளியானது. வலுவிழந்தோரின் உரிமைகள் பற்றி 2016இல் இலங்கை அங்கீகரித்த ஐக்கிய நாடுகள் சமவாயத்தின் 27ஆம் உறுப்புரை, தாம் விரும்பித் தெரிவுசெய்யும் வேலையின் மூலம் பிழைக்கும் உரிமையைப் பேசுகிறது. இவை எல்லாம் இருந்தும், அறிவு வளர்ச்சியில் குறைபாடுடைய ஒருவர் உழைப்பாளியாகக் கருதப்படுவது அரிதாகவே இருக்கிறது. அவருக்கு வழங்கப்படுவது எல்லாம் கருணையின் பெயரிலேயே வழங்கப்படுகிறது.

கூலி கொடுப்பதென்று முடிவெடுத்த பிறகு, வேலை உண்மையான வேலையாக இருந்தாக வேண்டும். விளைச்சல் சந்தையில் விலைபோக வேண்டும். ஆகவே, தலைமை தாங்குவதில் என்னுடைய நேரத்தின் பெரும்பகுதி ஒவ்வொரு வேலையையும் பிரித்துப் பார்த்து, எந்த இடத்தில் யார் தடுக்கப்படுகிறார் என்று கண்டுபிடிப்பதில்தான் செல்கிறது. மிளகாய் நாற்று நடுவதை எடுத்துக்கொள்வோம். இடைவெளியை அளந்து நடச் சொன்னால் எண்ணத் தெரியாதவர் நின்றுவிடுவார். ஒன்றரை அடிக்கு ஒரு முடிச்சு வீதம் போட்ட கயிற்றைப் பாத்தியின் நீளத்துக்கு இழுத்துக் கட்டிவிட்டால், முடிச்சுக்கு ஒரு நாற்று என்று அவர் முழுப் பாத்தியையும் நட்டு முடிக்கிறார், பார்வையற்றவரும் அதே கயிற்றைத் தடவிக்கொண்டு நடுகிறார். மழைக்குப் பிறகு சக்கர நாற்காலி புதையும் நிலம் என்பதால் நடைபாதைகளுக்குக் கிறவல் போட்டு இறுக்கி, செங்கல்லால் இரண்டரை அடி உயரத்துக்குப் பாத்திகளைக் கட்டினோம். அவற்றின் அகலம் நான்கு அடியைத் தாண்டக் கூடாது, ஏனென்றால் அமர்ந்திருப்பவரின் கை ஒரு பக்கத்திலிருந்து இரண்டடிக்கு மேல் எட்டுவது கடினம். வலிப்பு வருகின்றவர்களைக் கிணற்றடிக்குத் தனியாக அனுப்புவதில்லை. உச்சி வெயிலில் எவருக்குமே வேலை இல்லை. முகத்தை அடிக்கடி கையால் துடைக்கும் பழக்கமுள்ள ஒருவரை மிளகாய் ஆய்வதிலிருந்து மாற்றிப் பயிற்றை ஆயவிட்டோம். ஓட்டிசமுள்ள இளைஞர் ஒருவருக்கு நீரிறைக்கும் இயந்திரத்தின் இரைச்சல் தாங்க முடியாதது. அதை இயக்கும் நேரத்தை ஒரே நேரமாக நிலைப்படுத்தியதும் அவர் அந்த நேரத்தில் தாமாகவே ஆட்டுக் கொட்டிலுக்குப் போய்விடுகிறார், இன்றைக்கு ஆடுகள் முழுக்க அவருடைய பொறுப்பு.

நீர் பாய்ச்சும் முறையைத் தீர்மானிப்பவர், ஒரு காலத்தில் போடியார் (பெரிய நிலச் சொந்தக்காரர்) ஒருவரின் வயலில் வேலைகளைப் பொறுப்பாகப் பார்க்கும் முல்லைக்காரராக இருந்து, பின்னர் போரில் ஒரு காலை இழந்தவர். எந்த வாய்க்கால் எப்போது அடைபடும் என்று அவருக்குத் தெரிந்த அளவுக்கு எனக்குத் தெரியாது, ஆகவே அந்த விடயத்தில் நான் அவர் சொல்வதைக் கேட்கிறேன்.

கூலியை மணிக்கணக்கிலேயே கொடுக்கிறோம். ஆய்ந்த கிலோவுக்கு இவ்வளவு என்று கணக்கிட்டால், மெதுவாக வேலை செய்பவர் தம்முடைய உடலுக்காக அபராதம் கட்டுவதாக ஆகிவிடும். அவர் வேகமாகச் செய்யக்கூடிய வேலையைக் கண்டுபிடிப்பது எங்களுடைய பொறுப்பு. கூலிப் பணம் மரக்கறி, முட்டை, சேதனப் பசளை ஆகியவற்றின் விற்பனையிலிருந்தே வர வேண்டும் என்றும், நன்கொடைப் பணம் போக்குவரத்துக்கும் உதவியாளர்களின் சம்பளத்துக்கும் மட்டுமே பயன்பட வேண்டும் என்றும் விதி வைத்திருக்கிறோம். திட்டக் காலம் முடிந்து நன்கொடையாளர் விலகினாலும் கூலி நிற்கக் கூடாது என்பதே அதற்குக் காரணம்.

பணம் கைக்குப் போவது இன்னும் கடினமான பகுதி. அடையாள அட்டையே இல்லாமல் நாற்பது வயதைக் கடந்தவர்கள் இருக்கிறார்கள். கிராம அலுவலரிடமும் பிரதேச செயலகத்திலும் அலைந்து அதைப் பெற்ற பின்னர்தான் வங்கிக் கணக்கைப் பற்றிப் பேச முடிகிறது. தாய்மார் தயங்குவது எனக்கு விளங்குகிறது. "மகன், இவனுக்குக் காசிட அருமை தெரியா, ஆரும் ஏமாத்திப் போட்டா என்ன செய்யிற?" என்று ஒரு தாய் கேட்டபோது, அவருடைய பயத்தைத் தட்டிக்கழிக்க என்னால் முடியவில்லை. முதலில் ஒரு சிறு தொகையை மட்டும் அவருடைய மகன் தாமாகச் செலவழிக்கட்டும் என்று உடன்பட்டோம். அவர் வாங்கியது ஒரு டோர்ச் லைட். வீட்டில் எல்லோரும் அதை வீண் செலவு என்றார்கள். தம் உழைப்பில் வந்த பணத்தை வீணாக்குவதற்கும் ஒரு மனிதனுக்கு உரிமை உண்டு என்பதே என் நிலைப்பாடு.

பண்ணைக்கு வெளியே உள்ள தடைகள் எங்கள் கைக்கு அப்பாற்பட்டவை. 2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்பட்டதால் வாவியைக் கடப்பது எளிதாகிவிட்டது. ஆனால், பேருந்தின் படி இன்னும் உயரமாகவே இருக்கிறது, முச்சக்கரவண்டிக் கூலியோ ஒரு நாள் வருமானத்தில் பெரும் பங்கை விழுங்கக்கூடியது. மாரியில் வீதிகளை வெள்ளம் மறிக்கும் நாட்களில் எவரும் வர முடிவதில்லை.

அந்த மாரி நாட்களுக்குரிய வேலையைப் பற்றித்தான் இப்போது பேசிக்கொண்டிருக்கிறோம். நிர்வாக சபையில் உழைப்பாளர்களுக்கும் வாக்கு உண்டு. மேட்டு நிலத்தை முழுவதும் மிளகாய்க்கு விடலாம் என்கிறார்கள் சிலர். நான் பாதியைக் கச்சானுக்கு (நிலக்கடலைக்கு) கேட்கிறேன்: காயவைத்து மூட்டை கட்டிவிட்டால், உடைத்துத் தரம் பிரிக்கும் வேலையை மழைக்காலத்தில் வீட்டில் இருந்தபடியே செய்யலாம், கூலியும் விட்டுப்போகாது. முல்லைக்காரர் மிளகாயின் பக்கம் நிற்கிறார். அடுத்த கூட்டத்தில் வாக்கெடுப்பு நடைபெறும்.