டயாலிசிஸ் வேண்டாம் என்றேன். மருந்து வேண்டாம் என்று சொல்லவில்லை

விஷயம் தெரிந்து என்னைப் பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் ஒரே மாதிரி முகத்தோடு வருகிறார்கள். ஏற்கெனவே பாதி போய்விட்டவளைப் பார்க்கிற முகம். "ட்ரீட்மென்டே வேண்டாம்னு சொல்லிட்டீங்களாமே?" என்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்ல எனக்கு மூச்சு இல்லை. அதனால் இங்கே எழுதி வைக்கிறேன். படித்துவிட்டு வாருங்கள், வேறு ஏதாவது பேசலாம்.

எனக்கு வயது 77. சர்க்கரை பல காலமாக இருக்கிறது. இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். இப்போது சிறுநீரகங்கள். ஈ.ஜி.எஃப்.ஆர் என்று ஓர் எண் உண்டு, சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்பதன் கணக்கு. அது 15-க்குக் கீழே போனால் செயலிழப்பு. எனக்கு 8. கணக்கு டீச்சராக இருந்தவள் சும்மா இருப்பேனா? ஒவ்வொரு ரிப்போர்ட்டுக்கும் வரைபடத் தாளில் புள்ளி வைத்துக் கோடு போட்டேன். நேர்கோடாக இறங்கவில்லை. மாதக்கணக்கில் அப்படியே கிடந்தது, நெஞ்சுச்சளி வந்து படுத்து எழுந்த பிறகு சட்டென்று விழுந்தது. "கோட்டை நீட்டிப் பாக்காதீங்க டீச்சர்" என்றார் டாக்டர். அதற்குள் பார்த்துவிட்டேன்.

டயாலிசிஸ் என்றால் சிறுநீரகம் செய்ய வேண்டிய வடிகட்டலை மெஷின் செய்வது. அதன் மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை. என் அக்கா பல வருஷம் செய்துகொண்டாள். அவளுக்கு அப்போது வயது குறைவு, இதயமும் நன்றாக இருந்தது, வேலைக்கும் போய்வந்தாள். அவை அவளுக்கு நல்ல வருஷங்கள். 1960 வரை இப்படி வருஷக்கணக்கில் டயாலிசிஸ் செய்துகொள்ளவே வழி இருந்ததில்லை. மெஷின் இருந்தது, 1943-லேயே நெதர்லாந்தில் கோல்ஃப் என்ற டாக்டர் செய்துவிட்டார். ஆனால் ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு ரத்தக்குழாயை வெட்டித் திறக்க வேண்டும், கொஞ்ச நாளில் திறக்கக் குழாயே மிஞ்சாது. சியாட்டிலில் ஸ்க்ரிப்னர் என்பவர் கையிலேயே நிரந்தரமாக இருக்கும் டெஃப்லான் குழாயைப் பொருத்திய பிறகுதான் வழி பிறந்தது. மெஷின்கள் குறைவு, நோயாளிகள் அதிகம் என்பதால் அதே ஊரில் 1962-ல் யாருக்குக் கொடுப்பது என்று முடிவுசெய்ய ஒரு குழு வைத்தார்கள். குழுவில் பெரும்பாலும் டாக்டர் அல்லாதவர்கள். அன்று கிடைப்பதற்குக் காரணம் காட்ட வேண்டியிருந்தது. இன்று வேண்டாம் என்பதற்கு நான் காரணம் காட்டிக்கொண்டிருக்கிறேன்.

சரி, காரணம். வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய நான்கு மணி நேரம். போய்வரும் நேரம் தனி. முடிந்து வந்தால் அன்றைக்கு மிச்சப் பொழுதெல்லாம் படுக்கைதான். அக்காவுக்கே அப்படித்தான் இருந்தது. 75 வயதுக்கு மேல், இதயநோயும் சேர்ந்திருந்தால், டயாலிசிஸால் கூடுகிற ஆயுள் வெகுவாகச் சுருங்கிவிடுகிறது என்று டாக்டர் விளக்கினார். அமெரிக்காவில் முதியோர் இல்லங்களில் இருந்தவர்களைப் பற்றி 2009-ல் வந்த ஓர் ஆய்வையும் சொன்னார்: டயாலிசிஸ் தொடங்கி ஒரு வருஷத்துக்குள் 58 சதவீதம் பேர் இறந்துவிட்டார்கள். முன்பு தாமாகச் செய்துகொண்ட வேலைகளை அதே அளவுக்குச் செய்துகொண்டு இருந்தவர்கள் 13 சதவீதம். நான் முதியோர் இல்லத்தில் இல்லை, என் காலில்தான் நடக்கிறேன். அந்தக் கணக்கு அப்படியே எனக்குப் பொருந்தாது என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். "கூடுதலா கிடைக்கிற நாள்ல நிறைய நாள் இங்கேதான் இருப்பீங்க" என்றார். அந்த ஒரு வாக்கியம் போதுமானதாக இருந்தது.

மகனுக்குப் போதவில்லை. "ஒரு மாசம் மட்டும் செஞ்சு பாக்கலாமேம்மா, ஒத்துக்கலைன்னா நிறுத்திடலாம்" என்றான். முட்டாள்தனமான யோசனை இல்லை அது, டாக்டர்களே சிலருக்குச் சொல்வதுதான். நான் அவனிடம் கேட்டேன்: "நிறுத்துன்னு நான் சொல்ற அன்னைக்கு நீ சரின்னு சொல்லுவியா?" பதில் வரவில்லை. அப்புறம் வேறு பேச்சுக்குப் போய்விட்டோம்.

இப்போது என்ன மருத்துவம் நடக்கிறது என்று சொல்கிறேன், ஏனென்றால் அதுதான் யாருக்கும் தெரியவில்லை. கால் வீக்கத்துக்கும் மூச்சுக்கும் நீர் மாத்திரை. ரத்தசோகைக்கு ஊசி. வாயில் எந்நேரமும் இரும்பை நக்கியதுபோல ஒரு ருசி, குமட்டல், அதற்கு மாத்திரை. இதெல்லாம் பரவாயில்லை. அரிப்புதான் ஆளைக் கொல்கிறது. தோலில் ஒன்றுமே இருக்காது, தடிப்போ சிவப்போ கிடையாது. ராத்திரி விளக்கை அணைத்தால் முதுகில் தொடங்கும், தோளுக்கு வரும், கெண்டைக்காலுக்குப் போகும். விடிந்து பார்த்தால் தலையணை உறையில் ரத்தம். சாவைப் பற்றிப் பேச வருகிறவர்கள் யாரும் அரிப்பைப் பற்றிக் கேட்பதில்லை! கபாபென்டின் என்ற நரம்பு மாத்திரையை மிகக் குறைந்த அளவில் கொடுத்தார்கள். அது சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேற வேண்டும், அதனால் மற்றவர்கள் சாப்பிடும் அளவு எனக்கு ஆகாது. தூக்கம் திரும்ப வந்தது. தூங்கி எழுந்த மனுஷிக்கு இருக்கிற தைரியம் வேறு.

இன்னொன்று, என்னைப் போன்றவர்கள் வீட்டில் தெரிந்திருக்க வேண்டியது. வலிக்கோ மூச்சுத்திணறலுக்கோ வழக்கமாக மார்ஃபின் கொடுப்பார்கள். சிறுநீரகம் வேலை செய்யாதபோது அதன் கழிவுப்பொருள்கள் உடம்பில் தேங்கி, கைகால் துள்ளும், புத்தி குழம்பும். அதனால் ஃபென்டனில் மாதிரி மாற்று மருந்தைத் தேர்வு செய்கிறார்கள். பேலியேட்டிவ் டாக்டர், அதாவது நோயைக் குணப்படுத்த அல்ல, வேதனையைக் குறைக்கப் பார்க்கிற டாக்டர், எனக்கு எது, எவ்வளவு என்று தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறார். நடுராத்திரி பணியில் இருக்கும் புது டாக்டருக்கு என் கதை தெரியாதே. அதனால் மகள் அந்தத் தாளைப் படுக்கைக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறாள்.

முடிவு எப்படி வரும் என்றும் கேட்டுவிட்டேன். பெரும்பாலும் யூரியா ஏற ஏறத் தூக்கம் கூடும், விழித்திருக்கும் நேரம் குறைந்துகொண்டே போகும். சில சமயம் பொட்டாசியம் ஏறி இதயம் திடீரென்று நிற்கலாம். நுரையீரலில் நீர் கோத்தால் மூச்சு முட்டும். எனக்குப் பயம் இந்த மூன்றாவதில்தான். அதற்கும் மருந்து தயாராக இருக்கிறது என்றார்கள், நம்புகிறேன், பயமும் இருக்கிறது.

எத்தனை நாள் என்பதில்தான் எல்லாரும் குழப்பிக்கொள்கிறார்கள். டயாலிசிஸில் இருந்து நிறுத்துகிறவர்களுக்குப் பெரும்பாலும் ஒரு வாரம், பத்து நாள். மிச்சனர் என்ற அமெரிக்க எழுத்தாளர் 1997 அக்டோபரில் தன் 90-வது வயதில் நிறுத்தினார், அந்த மாதமே இறந்தார். தொடங்கவே தொடங்காத என்னைப் போன்றவர்களுக்குச் சிறுநீர் இன்னும் கொஞ்சம் போய்க்கொண்டிருக்கிறது. மாதங்கள் ஆகலாம், சிலருக்கு ஒரு வருஷத்துக்கு மேலும். ஆர்ட் புக்வால்ட் என்ற நகைச்சுவைக் கட்டுரையாளரின் கதை இன்னும் வினோதம். 2006-ல் டயாலிசிஸை விட்டுவிட்டுச் சில வாரத்தில் இறக்கலாம் என்று கடைசி நாள்களில் பராமரிக்கும் ஹாஸ்பிஸில் போய்ப் படுத்தார். சிறுநீரகம் தானாகவே மறுபடி வேலை செய்யத் தொடங்கிவிட்டது. கோடையில் எழுந்து வீட்டுக்குப் போய், அந்த அனுபவத்தையே புத்தகமாக எழுதி, 2007 ஜனவரியில்தான் இறந்தார். என் மகன் இதை எனக்கு அனுப்பி வைத்தான், நம்பிக்கையோடு. அவருடைய சிறுநீரகம் வேறு, என் வரைபடம் வேறு என்று பதில் போட்டேன். ஆனால் அந்த மனிதரைப் பிடித்துப்போய்விட்டது.

மனசு மாறினால் எப்போது வேண்டுமானாலும் சொல்லலாம் என்று டாக்டர் ஒவ்வொரு முறையும் சொல்கிறார். கட்டாயப்படுத்தும் குரலில் இல்லை, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டும் இல்லை. அது எனக்கு வேண்டியிருக்கிறது. ஒருமுறை சொன்ன 'வேண்டாம்' என்னைக் கட்டிப்போட்டுவிடவில்லை.

படுக்கைக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தத் தாளில் ஒரே ஓர் இடம் நிரப்பாமல் இருந்தது: எனக்கு நினைவு தப்பிய பிறகு யார் முடிவெடுப்பது? போன வாரம் மகள் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மகனுக்கு இன்னும் சொல்லவில்லை. இதைப் படித்துவிட்டு அவன் போன் செய்வான், குரல் ஏறும். செய்யட்டும். காலை பத்து மணிக்கு மேல் செய்தால் நல்லது ராஜா, அப்போதுதான் நான் தெளிவாக இருப்பேன், சண்டையும் ஒழுங்காகப் போட முடியும்.