ஓ/எல் கூட இல்லாமல் இங்கிலாந்தில் பராமெடிக் ஆனது

இலங்கையில் பள்ளிக்கூடம் முடிக்க எடுக்கிற ஓ/எல், ஏ/எல் பரீட்சை இரண்டும் என்னிடம் இல்லை. பரீட்சை எடுக்க வேண்டிய வருஷம் நாங்கள் வன்னிக்குள் இடம்பெயர்ந்துகொண்டிருந்தோம், பிறகு முகாம், பிறகு இங்கே வந்து கலியாணம், பிள்ளைகள் என்று படிப்பு அப்படியே நின்றுபோனது. இப்போது இங்கிலாந்தில் பதிவு பெற்ற பராமெடிக்காக, அதாவது அம்புலன்ஸில் வந்து இடத்திலேயே அவசர சிகிச்சை தருகிறவராக, வேலை செய்கிறேன். "சேர்ட்டிபிக்கற் ஒன்றும் இல்லாமல் உங்களை எப்படி எடுத்தவங்கள்?" என்று கோயிலிலும் கலியாண வீட்டிலும் கேட்கிறார்கள், ஒவ்வொருவருக்கும் போனில் சொல்லிச் சொல்லி வாய் நோகிறது, அதனால் ஒருமுறை எழுதிவைக்கிறேன். இது இங்கிலாந்துக்கு மட்டும். ஸ்கொட்லாந்து, வேல்ஸ் பக்கம் படிப்புக்கான காசு விஷயமெல்லாம் வேறு.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லவேண்டும். பட்டம் இல்லாமல் இனிப் புதிதாகப் பராமெடிக் ஆக முடியாது. பராமெடிக் என்ற பெயரே சட்டப்படி பாதுகாக்கப்பட்டது, எச்.சி.பி.சி. என்ற, சுகாதாரத் தொழில் செய்கிறவர்களைப் பதிவு செய்கிற அமைப்பின் பதிவேட்டில் இல்லாதவர் அதைப் போட்டுக்கொண்டால் குற்றம். அந்தப் பதிவுக்குரிய படிப்பு 2021 செப்டம்பரிலிருந்து பி.எஸ்சி ஹானர்ஸ் அளவில் இருக்கவேண்டும் என்று வைத்துவிட்டார்கள். என்னோடு வேலை செய்கிற வயதான ஆட்களில் பலர் அம்புலன்ஸ் சேவைக்குள்ளேயே பயிற்சி எடுத்து வந்தவர்கள், கம்பஸ் வாசலையே மிதிக்காதவர்கள். அந்த வழி மூடிவிட்டது. ஆனால் பட்டப் படிப்புக்குள் நுழைய ஏ/எல் கட்டாயமில்லை. ஆட்கள் குழம்புவது இந்த இடத்தில்தான்.

எந்த வழியால் போனாலும் முதலில் கேட்பது ஆங்கிலமும் கணக்கும். இங்கே பதினாறு வயதில் பிள்ளைகள் எடுக்கிற ஜி.சி.எஸ்.இ. பரீட்சையில் 4 அல்லது அதற்கு மேல், அல்லது அதற்குச் சமமானது. பத்தொன்பது வயதுக்கு மேல், அந்த 4 இல்லையென்றால், ஃபங்ஷனல் ஸ்கில்ஸ் லெவல் 2 என்ற, அன்றாடத் தேவைக்கான ஆங்கிலம், கணக்கு இரண்டு பாடத்தையும் கொலேஜில் இலவசமாகப் படிக்கலாம். முதலில் ஒரு சோதனை வைத்து எந்தப் படியில் நிற்கிறீர்கள் என்று பார்ப்பார்கள். என்னைக் கணக்கில் நேரே மேல் வகுப்புக்கும் ஆங்கிலத்தில் இரண்டு படி கீழேயும் போட்டார்கள். கணக்குப் பரீட்சையில் கல்குலேட்டர் இல்லாத பகுதி ஒன்று இருக்கிறது, வகுப்பில் எல்லோரும் அதற்குத்தான் பயந்தார்கள், எனக்கு அது சுகமாக இருந்தது, ஊரில் ஏது கல்குலேட்டர்? எனக்கு இடித்தது கேள்வியின் ஆங்கிலம். அறையின் நீள அகலம் தந்து, ஒரு டின் பெயின்ட் எவ்வளவு பரப்புக்குக் காணும் என்று தந்து, எத்தனை டின் வாங்கவேண்டும் என்று கேட்பான். கணக்கு 4.2 என்று வரும். 4.2 என்று எழுதினால் புள்ளி போய்விடும், கடையில் 0.2 டின் விற்கமாட்டான், விடை ஐந்து. சின்ன விஷயம்தான், ஆனால் பிறகு மருந்தளவு கணக்குப் படிக்கும்போது இந்தப் புத்திதான் உதவியது. பத்து மில்லிகிராம் மோர்ஃபின் ஒரு மில்லிலீட்டரில் வரும், அதைச் சேலைன் விட்டுப் பத்தாக்கினால் ஒரு மில்லிலீட்டருக்கு ஒரு மில்லிகிராம், அதில் எவ்வளவு ஏற்றுவது என்று ஓடுகிற வண்டிக்குள் யோசிக்கிறபோது எண்ணோடு சேர்த்து அது எதைக் குறிக்கிறது என்பதும் கண்ணுக்குத் தெரியவேண்டும்.

ஆங்கிலத்தில் வாசிப்பு, எழுத்து, பேச்சு என்று மூன்று பகுதி. பேச்சுக்கு நான் சர்க்கரை வியாதியை எடுத்தேன். எங்கள் வீட்டில் அது இல்லாத பெரியவர் யாரும் இல்லை என்பதால் பேசுவதற்குப் பஞ்சமில்லை.

இன்னொரு விஷயம். ஃபங்ஷனல் ஸ்கில்ஸ் லெவல் 2 ஜி.சி.எஸ்.இ. 4க்குச் சமம் என்று கொலேஜில் சொல்வார்கள், அது உண்மையும்தான், ஆனால் ஏற்றுக்கொள்வதா இல்லையா என்பது ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தானாக எடுக்கிற முடிவு. எனக்கு ஒன்று ஓம் என்றது, பக்கத்து ஊர்ப் பல்கலைக்கழகம் ஜி.சி.எஸ்.இ.தான் வேண்டும் என்றது. ஆகவே படிப்புத் தொடங்குவதற்கு முதலே நீங்கள் போகக்கூடிய இடங்களுக்கெல்லாம் ஈமெயில் போட்டுக் கேளுங்கள். போனில் கேட்காதீர்கள், போனில் சொன்னதற்கு ஆதாரம் இல்லை. "என்னிடம் இது இருக்கிறது, இது இல்லை, இதோடு விண்ணப்பித்தால் எடுப்பீர்களா?" என்று நேரே எழுதுங்கள், வருகிற பதிலைப் பத்திரப்படுத்துங்கள்.

படிக்கிற காலத்திலேயே நோயாளிகளை ஏற்றி இறக்குகிற வண்டியில் வேலைக்குச் சேர்ந்தேன். நீல விளக்கு இல்லை, சைரன் இல்லை. டயாலிசிஸ், கீமோ, கிளினிக் என்று ஆட்களை வீட்டிலிருந்து கூட்டிக்கொண்டு போய்த் திரும்பக் கொண்டுவந்து விடுவது. வெளியே இருந்து பார்க்கிறவர்களுக்கு இது டாக்சி ஓடுகிறமாதிரித்தான் தெரியும், ஆனால் என்னிடம் கேட்டால் பராமெடிக் வேலைக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை. டயாலிசிஸ் ஆட்கள் வாரம் மூன்று தரம் வருவார்கள், முகம் பழகிவிடும், ஒருவர் இன்றைக்கு வழமையாக இல்லை என்பது கதவைத் திறந்த உடனேயே தெரியும்.

எங்கள் ஆள் ஒருவர், எழுபது தாண்டிய அம்மா, ஆங்கிலம் தெரியாது. ஒருநாள் டயாலிசிஸ் முடிந்து கதிரையோடு கொண்டுவந்து விட்டார்கள். நேர்ஸிடம் தலையை ஆட்டி எல்லாம் ஓகே என்றிருக்கிறார். என்னைக் கண்டதும் மெதுவாக, "பிள்ளை, தலை சுத்துது மோனை, இவையளுக்கு எப்பிடிச் சொல்லுறது" என்றார். கை குளிர்ந்து வியர்த்திருந்தது. வண்டியில் ஏற்றாமல் திருப்பி உள்ளே கொண்டுபோனோம். பிரஷர் விழுந்திருந்தது. டயாலிசிஸ் முடிந்த கையோடு பிரஷர் விழுவது அடிக்கடி நடப்பதுதான். அன்றைக்கு அவசரத்தில் ஒரு புது ஆள் இடது கையைப் பிடித்துப் பிரஷர் பட்டியைச் சுற்றப் போனார், அந்தக் கையில்தான் ஃபிஸ்டுலா, டயாலிசிஸுக்காக இரத்த நாளங்களை இணைத்த இடம், அதில் பட்டி கட்டக்கூடாது. அம்மா கையை இழுத்துக்கொண்டு தமிழில் ஏசினார், நான் மொழிபெயர்த்தேன், ஏச்சை மட்டும் விட்டுவிட்டு. நேர்முகத்தில் "ஒரு நோயாளிக்காக நீங்கள் பேசிய சந்தர்ப்பம் ஒன்று சொல்லுங்கள்" என்று கேட்டபோது இதைத்தான் சொன்னேன்.

அங்கிருந்து இரண்டு வழி தெரிந்தது. ஒன்று, அம்புலன்ஸ் சேவைக்குள்ளேயே ஏறுவது: அவசர சிகிச்சை உதவியாளர், பிறகு டெக்னிஷியன், பிறகு டிகிரி அப்ரன்டிஷிப். சம்பளத்தோடு படிப்பு, கட்டணத்தை வேலை கொடுக்கிறவர் பார்த்துக்கொள்வார், முடிவில் அதே பட்டம், அதே பதிவு. வீட்டு வாடகையைத் தனியாகச் சுமக்கிறவருக்கு நான் இதைத்தான் சொல்வேன். ஆனால் காலம் எடுக்கும், உள்ளே இருக்கிற இடத்துக்குப் பெரிய போட்டி, எந்த வருஷம் எத்தனை பேரை எடுப்பார்கள் என்பது உங்கள் கையில் இல்லை. இன்னொன்று நான் போன வழி, அக்சஸ் டு ஹயர் எஜுகேஷன் டிப்ளோமா. பள்ளிக்கூடப் படிப்பு விடுபட்டுப்போன பெரியவர்களுக்கென்றே வைத்த படிப்பு இது. மொத்தம் 60 கிரெடிட், அதில் 45க்குத்தான் பாஸ், மெரிட், டிஸ்டிங்ஷன் என்று தரம் போடுவார்கள், பல்கலைக்கழகம் பார்ப்பதும் அந்த 45ஐத்தான். பராமெடிக் படிப்புக்கு உயிரியல் பகுதிகளில் டிஸ்டிங்ஷன் அல்லது மெரிட் கேட்பது சாதாரணம். ஒன்லைனில் படிப்பதாக இருந்தால் அது கியூ.ஏ.ஏ. என்ற தரக் கண்காணிப்பு அமைப்பின் அங்கீகாரம் உள்ள அக்சஸ் டிப்ளோமாதானா என்று பாருங்கள், அதைப்போலவே பெயர் வைத்த வேறு சாமான்களும் விற்கிறார்கள்.

காசுக்கு அட்வான்ஸ்ட் லேர்னர் லோன் எடுக்கலாம், உங்கள் வருமானத்தைப் பார்ப்பதில்லை. பலருக்குத் தெரியாத ஒன்று, அக்சஸுக்கு எடுத்த அந்தக் கடனின் மிச்சத்தை, பிறகு பட்டப் படிப்பை முடித்தால் தள்ளுபடி செய்துவிடுவார்கள். இதைக் கேட்ட பிறகுதான் என் கணவர் சம்மதித்தார்.

அக்சஸில் என்னை அழவைத்தது உயிரியல் இல்லை, கட்டுரை. எங்கே வாசித்தாய், யார் சொன்னது, எந்த வருஷம் என்று வரிக்கு வரி குறிப்புக் கொடுக்கவேண்டும். பிள்ளைகளைப் படுக்கவைத்துவிட்டுக் குசினி மேசையில் இருந்து, ஒரு பந்திக்கு ஒரு இரவு போகும். போகப்போகப் பழகிவிட்டது.

பல்கலைக்கழகத்துக்கு யூகாஸ் என்ற பொது அமைப்பின் மூலம்தான் விண்ணப்பிப்பது, அதில் ஐந்து இடம் போடலாம், கடைசித் திகதி ஜனவரியில் வரும். 2026 சேர்க்கையிலிருந்து அந்த நீண்ட கட்டுரைக்குப் பதிலாக மூன்று கேள்விகள் கேட்கிறார்கள். நேர்முகத்தில் என்.எச்.எஸ். என்ற அரச சுகாதார சேவையின் சாசனத்தில் உள்ள ஆறு விழுமியங்களைச் சுற்றியே கேள்வி வரும், அதைப் பாடமாக்கி ஒப்பிக்கிறவரை உடனே கண்டுபிடித்துவிடுவார்கள், ஒவ்வொன்றுக்கும் உங்கள் வேலையில் நடந்த ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். "பராமெடிக் நாள் முழுக்க என்ன செய்கிறார்?" என்றும் கேட்டார்கள். எனக்கு முன்னால் இருந்த தம்பி கார் விபத்து, ஹெலிகொப்டர் என்று சொன்னார். நான் விழுந்து எழும்ப முடியாத வயதானவர்கள், மூச்சு முட்டுகிறவர்கள், மனம் உடைந்து போன் எடுக்கிறவர்கள் என்றேன். வண்டியில் இருந்தவளுக்கு இது பெரிய ரகசியம் இல்லை.

இனி லைசன்ஸ். 1997க்கு முதல் கார் லைசன்ஸ் எடுத்தவர்களுக்குத்தான் சி1, அதாவது பாரமான வண்டி ஓட்டுகிற அனுமதி, தானாக இருக்கும், மற்றவர்கள் தனியாக எடுக்கவேண்டும், அம்புலன்ஸ் 3.5 டொன்னுக்கு மேல் வந்துவிடும் என்பதால். டி4 என்ற மருத்துவப் பரிசோதனைப் படிவத்தில் டாக்டர் கையெழுத்து வைத்தால்தான் பழகுவதற்கான புரொவிஷனல் லைசன்ஸே வரும். சில பல்கலைக்கழகங்கள் படிப்புத் தொடங்கும்போதே அந்த புரொவிஷனலைக் கேட்கும். இடம் கிடைத்த பிறகு பார்ப்போம் என்று விடாதீர்கள்.

இடம் கிடைத்ததும் டி.பி.எஸ். என்ற குற்றப் பதிவுச் சோதனைக்கும் தடுப்பூசிக்கும் விவரம் கேட்டு வந்தது. எங்கள் ஆட்களில் பலருக்குத் தடுப்பூசி விஷயத்தில் தலையிடி. என் தடுப்பூசி அட்டை ஊரில் வீட்டோடு போய்விட்டது. அதைச் சொன்னால் இரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள், சின்னமுத்துக்கும் (மீசில்ஸ்) கொப்புளிப்பானுக்கும் (சிக்கன்பொக்ஸ்) எதிர்ப்புச் சக்தி இருக்கிறதா, ஹெபடைடிஸ் பி ஊசி போட்டதற்கு அறிகுறி இருக்கிறதா என்று. இல்லாததைத் திரும்பப் போடுவார்கள். ஊசித் தவணைகளுக்கு இடைவெளி விடவேண்டும் என்பதால் கெதியாகத் தொடங்குங்கள்.

பட்டப் படிப்பின் கட்டணம் 2025-26இல் வருஷத்துக்கு 9,535 பவுண்ட். அதற்கு மாணவர் கடன் இருக்கிறது, விசா நிலையும் இங்கே இருந்த காலமும் பொருந்தவேண்டும். அதற்கு மேல் என்.எச்.எஸ். வருஷம் 5,000 பவுண்ட் தருகிறது, திருப்பிக் கட்டத் தேவையில்லை, பதினைந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் இருந்தால் இன்னொரு 2,000. இதெல்லாம் தானாக வராது, ஒவ்வொரு வருஷமும் விண்ணப்பிக்கவேண்டும். இரவு ஷிப்ட் பயிற்சி நாட்களில் பிள்ளைகளை யார் பார்ப்பது என்பதற்கு எந்தப் படிவமும் இல்லை, எனக்கு மாமி இருந்தார்.

கடைசியாக, தனியார் கோர்ஸ்கள். ஃப்ரெக் 3 என்று அவசர முதலுதவிக்கு ஐந்து நாள் வகுப்பு இருக்கிறது, நல்ல வகுப்புத்தான், நிகழ்ச்சிகளில் முதலுதவி வேலைக்கும் தனியார் அம்புலன்ஸ் வேலைக்கும் உதவும். ஆனால் 3, 4, 5 என்று அடுக்கிக்கொண்டு போனால் பராமெடிக் ஆகிவிடலாம் என்று விளம்பரம் போடுகிற இடங்கள் உண்டு. எத்தனை படி ஏறினாலும் அது எச்.சி.பி.சி. பதிவைத் தராது. எனக்குத் தெரிந்த ஒரு தம்பி ஆயிரக்கணக்கில் கட்டிவிட்டு வந்து கேட்டார். எச்.சி.பி.சி. இணையத்தளத்தில் அங்கீகரிக்கப்பட்ட படிப்புகளின் பட்டியல் இருக்கிறது, காசு கட்டுவதற்கு முதல் அந்தப் பெயர் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். இப்போது அவர் ஃபங்ஷனல் ஸ்கில்ஸ் கணக்கு வகுப்பில் இருக்கிறார், பின்னேரம் ஆறு மணி, இலவசம்.