பூசமுதல் அளவுங்கோ

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் வீட்டு வேலை அனேகமாகக் கூலிக் கொந்தராத்துத்தான். சாமான் வீட்டுக்காரர் எடுத்துக் கொடுக்க, மேசன் ஆட்களோடு வந்து கட்டிக் கொடுப்பார். காசுச் சண்டை கடைசியில்தான் வெடிக்கும். அதன் வேர் அத்திவாரத்தில் கிடக்கும்: மண் மூடியபிறகு எத்தனை அடி வெட்டினது என்று யார் காட்டுவது?

மறையப்போகும் வேலையை, மறையமுதல் இரண்டு பேரும் நின்று அளக்க வேண்டும். அத்திவாரக் கிடங்கு, பீம் கம்பி, சுவருக்குள் போகும் பைப். நாடா பிடித்தபடி ஒரு படம், கொப்பியில் திகதியோடு இரண்டு கையெழுத்து.

பூச்சுக் கணக்கைப் பாருங்கள். 40 அடி நீளம், 10 அடி உயரச் சுவர் 400 சதுர அடி. 3க்கு 7 கதவு ஒன்றும் 4க்கு 4 யன்னல் இரண்டும் கழித்தால் 347. நூறு சதுர அடி ஒரு சதுரம். மேசன் நாலு சதுரம் என்பார், வீட்டுக்காரர் மூன்றரைகூட இல்லை என்பார். இருவர் பக்கமும் நியாயம் உண்டு. யன்னல் ஓரம் பூசுவது மினக்கெட்ட வேலை. வாசல் கழிப்பதா, ஓரம் சேர்ப்பதா என்று விலை பேசும் அன்றே எழுதிவிட வேண்டும்.

"மிச்சம் 85,000" என்று துண்டில் எழுதினால் அது பில் ஆகாது. எந்த வேலை, எவ்வளவு அளவு, என்ன விலை, முன்பு வாங்கியது, இப்போது வரவேண்டியது, எல்லாம் இருக்க வேண்டும்.

வீட்டுக்காரருக்கும் கடமை உண்டு. பிரதேச சபை அனுமதி, எல்லை காட்டுவது, தண்ணீர், நேரத்துக்குச் சாமான். சீமெந்து வராமல் ஆட்கள் சும்மா இருந்த நாளின் கூலி யாருடையது என்பதையும் ஒப்பந்தத்தில் போடுங்கள். ஒரு வெடிப்பைக் காட்டி முழு பில்லையும் நிறுத்துவது அநியாயம். பிழையான வேலையை எழுத்தில் சொல்லி, அதற்குரிய காசை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுக்க வேண்டும்.

நிர்மாணக் கைத்தொழில் அபிவிருத்தி அதிகாரசபையின் மாதிரி ஒப்பந்தங்களில் வழக்கமாக ஒவ்வொரு பில்லிலும் 10 வீதம், மொத்தம் ஒப்பந்தத் தொகையின் 5 வீதம் வரை, பிழை திருத்துவதற்கு உத்தரவாதமாகப் பிடித்து வைப்பார்கள். வேலையைப் பொறுப்பெடுக்கும்போது பாதியையும், பிழை திருத்தும் காலம் முடிய மீதியையும் திருப்பிக் கொடுப்பார்கள். சின்ன வீட்டுக்கும் இது பொருந்தும். ஒரு மாரி போனால்தான் கூரை ஒழுக்கும் நிலம் இறங்குவதும் தெரியும்.

வழக்குக்குக் கால எல்லை வைக்கும் இலங்கையின் 1871ஆம் ஆண்டுக் கட்டளைச்சட்டப்படி எழுத்து ஒப்பந்தம் என்றால் வழக்குப் போட 6 வருடம். வாய்ப்பேச்சில் செய்த வேலையின் கூலிக்கு 1 வருடந்தான். "பெரும்போகம் வெட்டித் தாறன்", "சிறுபோகம் வெட்டித் தாறன்" என்று வீட்டுக்காரர் சொல்லும் இரண்டு தவணையிலேயே அந்த வருடம் முடிந்துவிடும். அவர் முதல் தவணை கேட்கும்போதே, இவ்வளவு கடன் என்று தொகையும் திகதியும் போட்டுக் கையெழுத்து வாங்கி வையுங்கள். காலம் அந்தத் திகதியிலிருந்து புதிதாக எண்ணப்படும்.