சாந்திநிகேதனில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்காத கலை

மேற்கு வங்கத்தின் சாந்திநிகேதனுக்குப் போக போல்பூர் ஸ்டேஷனில் இறங்கியதும் ஒரு டோட்டோக்காரர் வழிமறித்தார். பேட்டரியில் ஓடும் ரிக்‌ஷாவுக்கு அங்கே டோட்டோ என்று பெயர். எல்லாவற்றையும் சுற்றிக்காட்ட 800 ரூபாய் கேட்டார். மன்றாடி 500-க்கு இறக்கினேன். அப்படியும் ஏமாந்துதான் போனேன். வழியில் ஒரு கைவினைக் கடை வாசலில் நிறுத்தி அரை மணி நேரத்தை விழுங்கினார். அங்குள்ள கலைக் கல்லூரியான கலாபவனுக்குள் எல்லாமே நடக்கிற தூரம்தான். வண்டிக்கு அங்கே வேலையே இல்லை. நீங்கள் போனால் ஸ்டேஷனிலிருந்து போவதற்கு மட்டும் பேசுங்கள். புதன்கிழமை போகாதீர்கள், கலாபவன் இருக்கும் விஸ்வபாரதி பல்கலைக்கழகத்துக்கு அன்றுதான் வார விடுமுறை.

செலவுக் கணக்கையும் தங்குமிடத்தையும் வரிசையாக எழுத நினைத்திருந்தேன். ஆனால் முதலில் ராம்கிங்கர் பைஜின் ‘சந்தால் குடும்பம்’ சிற்பத்தைச் சொல்லியாக வேண்டும். மரங்களுக்கு நடுவே, ஒரு கூரைக்குக் கீழே நிற்கிறது. காவடித் தண்டை ஏந்திய அப்பா, தண்டில் தொங்கும் கூடையில் ஒரு குழந்தை, பக்கத்தில் அம்மா, கூடவே நாய். சந்தால் பழங்குடியினர், பிழைப்பு தேடி ஊரைவிட்டுப் போகிறார்கள். பளிங்கும் இல்லை, வெண்கலமும் இல்லை. சிமென்ட்டும் அந்த மண்ணின் செம்மண் சரளைக் கற்களும்தான். கிட்டே போய்ப் பார்த்தால் அம்மாவின் தோளில் சரளைக் கற்கள் துருத்திக்கொண்டு தெரிகின்றன. செய்த ஆண்டு 1938. நம் மெரினாவின் உழைப்பாளர் சிலை வந்தது 1959-ல்! நாட்டின் மிகச் சிறந்த சிற்பம் இதுதான் என்பேன், யார் சண்டைக்கு வந்தாலும் சரி.

ராம்கிங்கர் 1925-ல் இங்கே மாணவராகச் சேர்ந்தவர்; 1970-ல் பத்மபூஷண் பெற்றார். விருது பெற்ற மாணவர்களின் பட்டியல் இங்கே பெரியது. அதில் எனக்கு நெருக்கமானவர் ஓவியர் கே.ஜி. சுப்ரமணியன். சென்னை மாநிலக் கல்லூரியில் பொருளியல் படித்தவர், வெள்ளையனே வெளியேறு போராட்டத்தில் சிறை சென்றார். அரசுக் கல்லூரிகளின் கதவு மூடியது, அவர் 1944-ல் கலாபவனுக்கு வந்தார். 2012-ல் பத்மவிபூஷண். அவர் கறுப்பு வெள்ளையில் தீட்டிய கட்டடச் சுவர்களை இரண்டு முறை சுற்றி வந்தேன். விலங்கு, பறவை, மனித முகம் என்று ஒன்றின் வயிற்றிலிருந்து இன்னொன்று கிளம்புகிறது. கழுத்து வலித்ததுதான் மிச்சம் என்று சொல்ல மாட்டேன். மூன்றாவது முறையும் சுற்றியிருப்பேன், வெளிச்சம் போய்விட்டது.

கலாபவனின் முதல்வராக இருந்த ஓவியர் நந்தலால் போஸின் பிறந்த நாள் டிசம்பர் 3. அதற்கு முந்தைய இரண்டு நாள்களும் நந்தன் மேளா என்னும் கலைச் சந்தை. மாணவர்கள் தாங்கள் செய்ததைத் தாங்களே விற்கிறார்கள். பணம் மாணவர் நல நிதிக்குப் போகிறது. நாள்காட்டி, பீங்கான் கிண்ணம், மரச்செதுக்கு அச்சு என்று எதை எடுப்பது, எதை விடுவது? ஒரு மேசையில் எருமை மீது உறங்கும் சிறுவனின் அச்சோவியம் கிடந்தது. விலை 600. செய்த பெண் இரண்டாம் ஆண்டு மாணவி. இரவுச் சாப்பாட்டுக்கும் நாளைய பஸ்ஸுக்கும் வைத்திருந்த பணத்தை எடுத்துக் கொடுத்தேன். விருது எதுவும் வாங்கியிருக்கிறாயா என்று கேட்டதற்கு, “இன்னும் இல்லை” என்று சிரித்தாள்.

மை முழுதாகக் காயவில்லை, சுருட்ட வேண்டாம் என்றாள். ஹவுரா வரைக்கும் நெரிசலான பெட்டியில் அதை மடியில் விரித்து வைத்து, இரண்டு கைகளாலும் காத்துக்கொண்டு வந்தேன்.